டெல்டாவிலிருந்து இமயத்துக்கு: பூக்களின் பள்ளத்தாக்கு, ஔலி பனிச்சறுக்கு, மலை விலங்குகள் – ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்துக்காரர்களுக்கு மலை என்பது ரயில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. பெயரிலேயே மலை உள்ள சுவாமிமலைகூடக் கட்டுமலைதான். 60 படி ஏறினால் சந்நிதி வந்துவிடும். அதனால் இமயமலைப் பயணம் என்று பேச்செடுத்தாலே, "நமக்கெல்லாம் அது ஒத்துக்குமா தம்பி?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளும். பருவம் பார்த்துக் கிளம்ப வேண்டும், உயரத்துக்குப் போதிய நாள் கொடுக்க வேண்டும். இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் பண்ணாதவர்களுக்கு மலை எந்தக் கெடுதலும் செய்வதில்லை.

நடை, பனிச்சறுக்கு, காட்டு விலங்கு மூன்றுக்கும் ஏற்ற ஒரே இடமாக நான் சொல்வது உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள ஜோஷிமட். 2024இல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றினாலும் பேருந்துக்காரர்கள் இன்னும் ஜோஷிமட் என்றுதான் கூவுகிறார்கள். இதன் ஒரு பக்கம் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் நந்தாதேவி தேசியப் பூங்கா, தலைக்கு மேலே ஔலி பனிச்சரிவு. இரு பூங்காக்களும் 1982இல் அறிவிக்கப்பட்டவை. நந்தாதேவி 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, பூக்களின் பள்ளத்தாக்கு 2005இல் அதனுடன் இணைக்கப்பட்டது.

இந்த ஊர் நமக்கு அந்நியமும் இல்லை. வைணவர்கள் திருப்பிரிதி என்று போற்றும் திவ்யதேசம் இதுதான் என்பது மரபு. அதைப் பாடிய திருமங்கையாழ்வார் சீர்காழிக்குப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்தவர். பத்ரிநாத்துக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் ஜோஷிமட் வழியாகத்தான் போயிருப்பார்கள். ஆனால் பள்ளத்தாக்குக்குப் பிரியும் பாதையில் திரும்பியவர்கள் குறைவு.

எப்போது போவது

மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியாது. பூ பூக்கும்போது பனி இருக்காது, பனி விழும்போது பள்ளத்தாக்கு மூடியிருக்கும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் தொடக்கத்தில் திறந்து அக்டோபர் முடிவில் மூடும். ஜூனில் போனால் பனிக்கட்டிப் பாலங்களும் வெறும் புல்லும்தான் கண்ணில் படும். உச்சம் ஆடிப்பெருக்கை ஒட்டி முன்னும் பின்னும் இரண்டு வாரம். விவசாய வீடுகளுக்கு இது தோதான நேரம். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு முடிந்திருக்கும், சம்பா நாற்றங்கால் வேலை இன்னும் சூடுபிடித்திருக்காது. ஆனால் அங்கே அது முழு மழைக்காலம். மண்சரிவில் சாலை அடைபடுவது அங்கு அன்றாடச் செய்தி. பூவும் மழையும் சேர்ந்தே வருகின்றன, பிரித்து வாங்க வழியில்லை.

மழைக்குப் பயந்தவர்கள் புரட்டாசியில் போகலாம். பூ பெரும்பாலும் முடிந்திருக்கும். வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்து, பனிச்சிகரங்கள் நாள் முழுக்கத் தெரியும், விலங்கு பார்க்கவும் நல்ல நேரம். குறுவை அறுவடை உள்ளவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

பனிச்சறுக்குக்கு ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. பொங்கலுக்கு மறுநாளே கிளம்புவதைவிட, சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மாசி பிறக்கும் சமயத்தில் போவது மேல். பிப்ரவரியில் பனி நன்றாகப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். சில வருடங்களில் ஜனவரி முழுதும் ஔலி வெறும் புல்தரையாக இருந்ததுண்டு. பனி விழுந்த செய்தி வந்த பிறகு கிளம்ப முடிகிறவர்கள் அப்படியே செய்யுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். சமவெளியில் தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன் என்பவர்கள்கூட முதல் ஏற்றத்தில் திணறிப்போகிறார்கள். நம் நடைக்குத் தூரம் தெரியும், ஏற்றம் தெரியாது.

முதல் மாதம் தூரத்துக்கு. தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புது ஆற்றங்கரை இருக்கிறது. மற்றவர்களுக்கு வெண்ணாறோ வெட்டாறோ அரசலாறோ, ஏதாவது ஒரு ஆற்றின் கரை நிச்சயம் இருக்கும். விடியற்காலையில் 8 முதல் 10 கிலோமீட்டர் வரை நிற்காமல் நடக்கப் பழகுங்கள். பயணத்துக்கு வாங்கிய ஷூவோடுதான் நடக்க வேண்டும். புது ஷூவை மலையில் முதன்முதலாகப் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் மாதம் படிகளுக்கு. வீட்டு மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்கினாலே போதும். வாரக் கடைசியில் திருச்சி மலைக்கோட்டை. அது எளிதாகிவிட்டால் குளித்தலைக்குப் பக்கத்து அய்யர்மலை. அங்கே 1,017 படி. நிதானமாக ஏறி, அதே நிதானத்தோடு இறங்குங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முழங்காலைக் கெடுப்பது இறக்கம். மலைக்குப் போய் வந்த நம் ஊர்க்காரர்கள் வலி என்று சொல்வதில் பெரும்பகுதி இறங்கும்போது வந்ததுதான். தொடைத் தசை வலுப்பட்டால் முழங்காலுக்குப் பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைக் கையூன்றாமல் தினம் செய்யுங்கள்.

மூன்றாம் மாதம் இதையே முதுகில் ஐந்து கிலோ பையோடு செய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு உயரத்தில் சீக்கிரம் களைப்பு வரும். இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவர் சொல்வதே முடிவு. அசிடாசோலமைடு மாத்திரை பற்றியும் கேளுங்கள். உயரத்துக்கு உடம்பு பழக அது உதவும், ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடையில் கேட்டு வாங்கித் தானாகச் சாப்பிடும் மருந்து இல்லை அது.

எதை எடுத்துப் போவது

பருத்தியை வீட்டில் வையுங்கள். நம் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சியது இல்லை. மலையில் அது நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் பனியன், அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் மழை புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. ஆடியில் போகிறவர்கள் பையையும் சேர்த்து மூடும் பொன்ச்சோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் குடை பிடித்தால் ஒரு கை வீணாகிவிடும். கம்பளி உடைகளை நம் ஊரில் தேடி அலைய வேண்டாம். ரிஷிகேஷிலும் ஜோஷிமட்டிலும் கிடைக்கும். ஊன்றுகோல் பாதை தொடங்கும் இடத்திலேயே விற்பார்கள், வாங்கிவிடுங்கள், இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயரத்தில் முதலில் படுத்துவிடுவது பசி. அங்கே ரொட்டி, ராஜ்மா, பருப்பு, உருளைக்கிழங்கு, மேகி. சோறு கிடைக்கும், ஆனால் 3,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாத இடத்தில் அரிசி அரைவேக்காடாகத்தான் இருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், உப்பு நார்த்தங்காய் கொண்டுபோங்கள். வாய் கசந்து குமட்டும் நேரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் பெரிய உதவி. பசி இல்லாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். மேலே இருக்கும் நாட்களில் மது வேண்டாம்.

போகும் வழி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்கள் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். அன்று இரவே சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு கழிந்து மறுநாள் காலை புது டெல்லி. திருச்சி வழியாக நேரே டெல்லி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் உண்டு, ஆனால் தினசரி இல்லை. டெல்லியிலிருந்து ஹரித்வாருக்கு ரயிலில் ஐந்து மணி நேரம் போல ஆகும். முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, தேதியைக் குறித்துவைத்து முதல் நாளே போட்டுவிடுங்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு டேராடூன் ஜாலி கிராண்ட் விமான நிலையம்தான் அருகில்.

ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட் சுமார் 275 கிலோமீட்டர். நம் கணக்கில் ஆறு மணி நேரம் என்று தோன்றும், மலைச்சாலையில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விடியும் முன்பே பேருந்துகளும் ஷேர் ஜீப்களும் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் அந்த நாள் போச்சு, மலைச்சாலையில் இரவு ஓட்ட விடமாட்டார்கள். வண்டியில் வாந்தி வருகிறவர்கள் முன்னிருக்கை கேளுங்கள். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று அலகநந்தா ஒவ்வொரு ஆறாகச் சேர்த்துக்கொண்டு வருவதை எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டே ஏறுவீர்கள். தேவப்பிரயாகையில் பாகீரதி கலந்த பிறகுதான் அது கங்கை.

பத்ரிநாத், ஹேம்குண்ட் (சீக்கியர்களின் புனித மலை ஏரி) வழித்தடத்துக்கு உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு உண்டு. வீட்டிலிருந்தே இணையத்தில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். ஆதார் நகல் சில கையில் இருக்கட்டும்.

உயரத்துக்கு நாள் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். நாகப்பட்டினம் கடல்மட்டத்தில் இருக்கிறது. ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். பள்ளத்தாக்குக்கும் ஹேம்குண்டுக்கும் போகிறவர்கள் தங்கும் காங்கரியா 3,050 மீட்டர். ஹேம்குண்ட் ஏறக்குறைய 4,300 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவசரப்படுத்த முடியாது. இளைஞர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள் என்றெல்லாம் உயரம் பார்ப்பதில்லை. வேகமாக ஏறுகிறவர்கள்தான் முதலில் படுக்கிறார்கள்.

ஜோஷிமட்டில் இரண்டு இரவு தங்குங்கள். இடைப்பட்ட நாளில் நரசிம்மர் கோவிலுக்குப் போய்விட்டு, பகலில் ஔலி வரை ஏறி, சாயங்காலம் இறங்கி வந்து கீழே தூங்குங்கள். பகலில் உயரே போய் இரவில் கீழே படுப்பது உடம்பைப் பழக்கும் நல்ல வழி. காங்கரியா போனபிறகு மறுநாளே ஹேம்குண்டுக்கு ஓடாதீர்கள், முதலில் பள்ளத்தாக்கு. கோவிந்தகாட்டிலிருந்து காங்கரியாவுக்கு ஹெலிகாப்டர் உண்டு. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது வரம்தான், ஆனால் சில நிமிடத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் தூக்கிவிடுவதால் அன்று முழுக்க அவர்கள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத களைப்பு வந்தால் அதற்கு மேல் ஒரு அடி ஏறக்கூடாது. ஒரு நாள் தங்கி, சரியானால் தொடரலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவோ மழையோ பார்க்காமல் கீழே இறக்குங்கள். அதற்கான உண்மையான மருந்து இறங்குவதுதான். கூட வந்தவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்துத் தலைவலியை மறைக்கும் சுபாவம் நம்மிடம் நிறைய உண்டு, குறிப்பாகப் பெண்களிடம். குழுவில் ஒருவர் தினமும் காலையும் மாலையும் எல்லாரிடமும் கேட்டாக வேண்டும்.

பள்ளத்தாக்கு நடை

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்தகாட் 20 கிலோமீட்டர் போல. அங்கிருந்து புல்னா வரை ஜீப். புல்னாவிலிருந்து காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடை, வழியெல்லாம் ஆறு கூடவே வரும். கோவேறு கழுதை கிடைக்கும். காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் மழை வலுக்கும். பாதையோரம் இலை ஓரத்தில் பல் வைத்த செடிகளைத் தொடாதீர்கள். அங்கே பிச்சு காஸ் என்பார்கள், நம் ஊர்ச் செந்தட்டி போலத் தீயாய் அரிக்கும். 2013 வெள்ளம் இந்தப் பாதையையும் கோவிந்தகாட்டையும் அடித்துக்கொண்டு போனது, இப்போது நடப்பது பெரும்பாலும் அதன் பிறகு அமைத்த பாதை. ஆற்றங்கரைப் பாறைகளில் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

காங்கரியாவில் விடுதிகளும் சீக்கிய குருத்வாராவும் உண்டு. குருத்வாராவில் யார் போனாலும் தலையை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். முடிந்ததைக் காணிக்கை போடுங்கள், பாத்திரம் கழுவக் கைகொடுங்கள்.

மறுநாள் காலை வனத்துறைச் சாவடி திறக்கும்போதே வரிசையில் நில்லுங்கள். அனுமதிச் சீட்டு அங்கேயே கொடுப்பார்கள். உள்ளே கடை இல்லை, கழிவறை இல்லை, தங்க அனுமதி இல்லை, கழுதையும் போகாது. மதியத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மாலைக்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். தாளும் பிளாஸ்டிக்கும் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும்.

புஷ்பாவதி ஆற்றின் பாலம் தாண்டி, பூர்ஜ (பிர்ச்) மரங்களுக்கிடையே ஏறி, திடீரென்று மரம் முடியும். அங்கே பள்ளத்தாக்கு விரியும். மொத்தம் 87.5 சதுர கிலோமீட்டர். 1931இல் காமெத் சிகரம் ஏறிவிட்டு வழிமாறி இறங்கிய ஃபிராங்க் ஸ்மைத்தின் குழு இதைப் பார்த்து உலகுக்குச் சொன்னது. அதற்கு முன்பே இங்கு ஆடு மேய்த்த போட்டியா மக்களுக்கு இது தெரிந்த மேய்ச்சல் நிலம். 1939இல் செடி சேகரிக்க வந்து பாறையில் தவறி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை உள்ளே இருக்கிறது. பெரும்பாலோர் நுழைந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறை வரையாவது போங்கள். முடிந்தால் இன்னொரு நாளும் வாருங்கள். முதல் நாள் மேகம் மூடியிருந்தால் அந்த இரண்டாம் நாள்தான் உங்களுக்குப் பள்ளத்தாக்கைக் காட்டும்.

நீலப் பாப்பி பாறை இடுக்குகளில் தனியாக நிற்கும், கூட்டத்தில் தேடாதீர்கள். பிரம்மகமலம் உள்ளே பாதையோரம் சுலபமாகக் கிடைக்காது, அதற்கு ஹேம்குண்ட் ஏற்றத்தின் மேல்பகுதிதான் இடம். ஆறு கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறும் செங்குத்துப் பாதை அது. மேலே ஏரிக்கரையில் சூடான கிச்சடியும் தேநீரும் தருவார்கள். மேலே தங்க முடியாது, மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். பூவைப் பறிக்காதீர்கள், பூஜைக்கு என்றாலும் வேண்டாம்.

விலங்கும் பறவையும்

கஸ்தூரி மான், பனிச்சிறுத்தை, கருங்கரடி, இமாலய வரையாடு, பரால் என்னும் நீல ஆடு எல்லாம் இந்தப் பூங்காக்களில் வாழ்கின்றன. ஒரு வாரத்தில் இவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படாது. பனிச்சிறுத்தையைக் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நந்தாதேவியின் உள்வட்டம் 1980களின் தொடக்கத்திலிருந்தே பொதுமக்களுக்கு மூடியிருக்கிறது. அந்த விலங்குகளுக்கு அது நல்லது.

பார்க்கக் கிடைப்பவை வேறு. விடியும் நேரத்தில் காங்கரியாவைச் சுற்றியுள்ள காட்டோரத்தில் மோனால் பறவை இரை தேடி வரும். உத்தராகண்டின் மாநிலப் பறவை அது, ஆண் பறவையின் கழுத்தில் வெயில் பட்டால் பச்சையும் செம்பும் நீலமும் மாறி மாறி மின்னும். ஹேம்குண்ட் பாதையின் கற்குவியல்களில் வாலில்லாத சின்ன முயலினமான பைக்கா எட்டிப் பார்க்கும். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் தானாக வெளியே வரும். எதிர்ச்சரிவுகளை பைனாகுலரில் வரிவரியாகத் தேடினால் வரையாட்டுக் கூட்டம் தென்படலாம்.

பைனாகுலர் பிடிக்க இங்கேயே பழகிக்கொண்டு போங்கள். கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் பார்த்து ஒரு நாள் கழித்தால் கை பழகிவிடும். அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரிக்கு மழைக்காலம் முடிந்து வரும் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டிப் பறந்து வருகிறவை. அவற்றைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால் அந்தச் சிகரங்களின் உயரம் வேறு விதமாக உறைக்கும்.

கைபேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். கரடி உள்ள காட்டில் தனியாகவோ இருட்டிலோ போகாதீர்கள். குட்டியோடு எதைக் கண்டாலும் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

ஔலியில் பனிச்சறுக்கு

ஔலி 2,500 முதல் 3,050 மீட்டர் வரை உள்ள சரிவு. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் இங்கு நடந்தன. ஜோஷிமட்டிலிருந்து வந்த ரோப்வே 2023 ஜனவரியில் ஊரில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது, அதை நம்பித் திட்டமிடாமல் சாலை வழியாகவே போங்கள். பனி மூடிய நாளில் சங்கிலி கட்டிய உள்ளூர் ஜீப்பில் மட்டும் ஏறுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஸ்கீ வாடகைக்கு எடுத்துப் படம் பிடிப்பதில் எதுவும் கற்க முடியாது. கற்க வேண்டுமானால் உத்தராகண்ட் அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் உண்டு. முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் கனத்த பூட்ஸில் சமதரையில் நடப்பதும் பக்கவாட்டில் படியேறுவதும்தான். பிறகு விழக் கற்றுக்கொடுப்பார்கள், பக்கவாட்டில் உட்காருவது மாதிரி விழ வேண்டும், கையை முன்னே ஊன்றினால் மணிக்கட்டு போகும். அதற்கடுத்து ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைத்து நிற்பது. இந்த நிற்கும் வித்தை கைவரும் வரை மேல்சரிவுக்குப் போகாதீர்கள். பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், விரல் மட்டும் அசைய வேண்டும். தளர்வாக இருந்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

கையுறை தண்ணீர் புகாததாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் நிற்கவே கூடாது, பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். நம் மாநிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்பவர்கள் மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்து நிற்பார்கள். பயிற்சிக்குப் போகாதவர்கள் கோர்சன் புல்வெளி வரை பனியில் நடக்கலாம். தெளிந்த காலையில் 7,816 மீட்டர் நந்தாதேவி எதிரே முழுதாகத் தெரியும்.

நாள் கணக்கு

பூக்களின் பள்ளத்தாக்குக்கு வீட்டிலிருந்து வீடு வரை 16 நாள் வைத்துக்கொள்ளுங்கள். போக ஐந்து, ஜோஷிமட்டில் ஒன்று, காங்கரியா நடைக்கு ஒன்று, பள்ளத்தாக்குக்கு இரண்டு, ஹேம்குண்டுக்கு ஒன்று, இறங்க ஒன்று, திரும்ப ஐந்து. இதற்கு மேல் இரண்டு நாள் எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள், சாலை அடைபட்டால் அது போய்விடும், அடைபடாவிட்டால் அந்த இரண்டு நாளில் பத்ரிநாத் பார்த்து வரலாம். திரும்பும் ரயில் டிக்கெட்டை அந்த இரண்டு நாளையும் சேர்த்தே போடுங்கள். ஹரித்வாருக்கு இறங்கும் அன்றே இரவு ரயில் என்று வைத்துக்கொள்ளாமல், ஓர் இரவு ஹரித்வாரிலேயே தங்கி மறுநாள் டெல்லிக்குக் கிளம்புங்கள்.